களிமண் மாடி

மேஜையின் மேல் ஒரு மொட்டை மாடி இருந்தது. இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம். களிமண்ணில் செய்தது. அதன் மேல் பழைய பனியன் துணி, துணியின் மேல் பாலிதீன். துணி எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மண் காய்ந்து வெடித்துவிடும்.

மகன் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மண் இன்னும் காயவில்லை.

அவன் பல் கட்டும் லேபில் வேலை பார்த்தான். டாக்டர்கள் அனுப்பும் அச்சுக்கு மெழுகில் பல் வரிசை செதுக்கிக் கொடுப்பது வேலை. "பாதி ஊரு என் பல்லுலதான் சிரிக்குது" என்பான். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே செதுக்குக் கத்தியை வீட்டுக்குக் கொண்டுவந்து மண்ணைச் செதுக்குவான்.

நடைபாதையில் குவித்து விற்கும் பழைய சாமான்களில் ஆக்‌ஷன் பொம்மைகளைத் தேடி எடுப்பான். ஆறு அங்குல உயரம். முழங்கை, முழங்கால், மணிக்கட்டு எல்லாம் மடங்க வேண்டும். உலகத்தைக் காப்பாற்றுவதற்காகச் செய்த பொம்மைகள். அவன் அவற்றை வேலைக்கு அனுப்பினான். மார்பு புடைத்த ஒருவனைப் பஞ்சர் கடையில் டியூபை ஊதவிட்டான். ஒரு கை இல்லாதவனை பஸ் ஸ்டாண்டில் மூட்டையோடு உட்காரவைத்தான். கவசம் போட்ட பெண்ணைத் தண்ணீர்க் குழாயடியில் வரிசையில் நிறுத்தினான். வீட்டில் அவர்களுக்குப் பெயர் இருந்தது. பயில்வான், ஒத்தக்கை, மேடம். மேடத்துக்கு அவன் மனைவி கைக்குட்டைத் துணியில் ஒரு நைட்டி தைத்துப் போட்டாள்.

"கவசத்தோடயே எத்தன நாள் இருப்பா. வீட்டுல இருக்கறப்பவாவது கொஞ்சம் காத்தோட்டமா இருக்கட்டும்."

"சண்டை வந்தா?"

"வந்தா நைட்டியோட போடட்டும். நாங்க போடலையா?"

ஒரு அடிக்கு ஒரு அங்குலம் என்பது கணக்கு. கைப்பிடிச் சுவர் மூன்று அங்குலம். தண்ணீர்த் தொட்டி பவுடர் டப்பாவின் அடிப்பாகம். துணிக்கொடி, பல்லுக்குக் கட்டும் கம்பி. எல்லாம் முடிந்ததும் போன் காமிராவைத் தலைகீழாகப் பிடித்துக் கீழே இறக்குவான். லென்ஸ் பொம்மையின் கண் மட்டத்துக்கு வர வேண்டும். மேலிருந்து எடுத்தால் பொம்மை. கண்ணுக்கு நேரே எடுத்தால் ஆள். வெளிச்சம் காலை ஏழே முக்காலுக்கு ஜன்னல் வழியாக வரும். எதிரே இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் இருக்கும் சந்து வழியாக, இருபது நிமிடம். மனைவி இடது பக்கம் தெர்மோகோல் அட்டையைப் பிடித்து நிழலில் வெளிச்சம் விழவைப்பாள். அறுபது எழுபது படம் எடுப்பான். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுவான்.

பிறகு எல்லாவற்றையும் உடைத்து வாளித் தண்ணீரில் போட்டுவிடுவான். அடுத்த வாரம் அதே மண். பஞ்சர் கடையும் பஸ் ஸ்டாண்டும் குழாயடியும் ஒரே மண்.

"இவ்வளவு நேரம் செஞ்சிட்டு உடைக்கிறியேடா" என்று முதல் தடவை அம்மா கேட்டாள்.

"படம் இருக்குல்லம்மா" என்றான்.

மொட்டை மாடியைக் கேட்டவள் அவன் மனைவிதான். "ஊருல இருக்கற கடையெல்லாம் பண்ணிட்டீங்க. நம்ம வீட்ட ஒரு தடவ பண்ணுங்களேன்." அவர்கள் இருந்தது கடைசி மாடியில், இரண்டு அறை வாடகை வீடு. வீட்டைவிட அதன் தலைக்கு மேலிருந்த மொட்டை மாடியில்தான் அவர்கள் அதிகம் இருந்தார்கள். அவன் மாடியை எடுத்துக்கொண்டான். தரை, தொட்டி, மூன்று பக்கச் சுவர் முடிந்தது. படிக்கட்டு அறையும் நாலாவது சுவரும் பாக்கி. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

அந்த வாரம் புதன்கிழமை வேலைக்குப் போகும் வழியில், பாலம் இறங்கும் இடத்தில் ஒரு லாரி திரும்பியது.

*

அவன் மனைவியின் அண்ணன் ஒரு மாதம் கழித்து வந்தான். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன். லீவு நாளில் வேனோடு வந்திருந்தான். டீ குடித்தான். தங்கையின் மாமனாரிடம் வேலையைப் பற்றி விசாரித்தான். மாமனாருக்கு குடோன் ஒன்றில் இரவுக் காவல். மாமியார் சமையலறைக்குப் போனதும் தங்கையிடம் கேட்டான்.

"எப்ப வர்ற?"

"இத முடிச்சிட்டு வரேண்ணா."

"எத?"

அவள் மேஜையைக் காட்டினாள். அவன் பாலிதீனையும் துணியையும் ஒரு மூலையில் தூக்கிப் பார்த்தான்.

"என்ன இது?"

"மாடி."

"யாரு மாடி?"

"இந்த வீட்டு மாடிதான்."

"அதுதான் மேலயே இருக்கே."

அவன் துணியை இழுத்து மூடினான். மூடியதை இரண்டு முறை சரிசெய்தான்.

"முடிக்க எத்தன நாளாகும்?"

"ஒரு நாள்."

"அப்ப நாளைக்கே வரேன்."

"ஒரு ஞாயித்துக்கிழமைண்ணா. எந்த ஞாயித்துக்கிழமைன்னு தெரியல."

"அண்ணி மேல ரூம ஒழிச்சு வச்சிருக்கா. பசங்க தினம் கேக்குதுங்க. நம்ம தெரு முனை ஸ்டுடியோவுல ஆள் வேணுமாம், சொல்லி வச்சிருக்கேன். நீ இங்க ஜெராக்ஸ் கடைல நிக்கறதுக்கு அங்க படம் பிரிண்ட் போடலாம்ல. யாரையும் குத்தம் சொல்லல. இவங்க நல்லவங்கதான். நீ எத்தன நாள் இப்படி இருப்ப?"

"முடிச்சிட்டு வரேன்" என்றாள்.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டது.

*

மாமியார், வீட்டில் இருந்தபடியே சட்டைக்குப் பிசிறு வெட்டுவாள். கம்பெனியிலிருந்து ஐம்பது ஐம்பதாகக் கட்டி அனுப்புவார்கள். காலர், கை, பட்டன் துளை என்று நூல் நீட்டிக்கொண்டிருக்கும். விரலில் மாட்டும் சின்னக் கத்தரியால் வெட்டி, மடித்து, திரும்பக் கட்டி வைக்க வேண்டும். தலைமுடியிலும் புருவத்திலும் நூல் ஒட்டியிருக்கும். சாப்பாட்டில் நூல் வரும். மகன் அதை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்து, "இது எந்தக் கம்பெனி?" என்பான்.

மருமகள் சாயங்காலம் வந்ததும் கைகால் கழுவிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து மடித்துக் கொடுப்பாள். அண்ணன் வந்து போன இரண்டாம் நாள் மாமியார் கேட்டாள்.

"முடிக்கப் போறியா அத?"

"முடிக்கணும் அத்தை."

"உனக்குத் தெரியுமா?"

"பக்கத்துலயே இருந்து பாத்தேனே. ஆணியால கல்லுக் கோடு போடணும். ஊசியால விரிசல் போடணும். படிக்கட்டு ரூமுக்குக் கதவு வேணும், அது ஐஸ் குச்சி. அளவெல்லாம் நோட்டுல எழுதி வச்சிருக்காரு."

"இங்க வா" என்று எழுந்தாள் மாமியார்.

மேஜைக்குப் போய்த் துணியை ஒரு பக்கம் சுருட்டினாள். கைப்பிடிச் சுவரின் வெளிப்பக்கம். வரிசையாகப் பெருவிரல் அழுத்திய தடங்கள். ஒவ்வொன்றிலும் ரேகை. சுழி சுழியாக, ஒரு கோடு கூட அழியாமல்.

"பாத்தியா?"

"கடைசியாத்தான் தேய்ச்சு விடுவாரு அத்தை. சுவரு முழுசா நின்னப்புறம். தேய்க்கலன்னா படத்துல ரேகை பெருசா விழும். நம்ம அளவுக்குப் பாத்தா ஒரு ஆள் முதுகு அகலத்துக்கு இருக்கும்."

"இருக்கட்டுமே."

"ரேகை தெரிஞ்சா அது களிமண்ணுன்னு தெரிஞ்சிடும்."

"களிமண்ணுதானே?"

மருமகள் குனிந்து பார்த்தபடி இருந்தாள்.

"தேய்ச்சிடுவே. அப்புறம் படம் எடுப்பே. அப்புறம் உடைச்சு வாளியில போட்டுடுவே."

"அவரு அப்படித்தான் பண்ணுவாரு."

"அவன் பண்ணுவான். அவன் உடைச்சிட்டு இன்னொண்ணு பண்ணுவான். நீ?"

தெருவில் கேஸ் சிலிண்டர் வண்டி சத்தம் போட்டுக்கொண்டு போனது. மருமகள் துணியை மூடினாள். இருவரும் சட்டைகளுக்குத் திரும்பினார்கள்.

"உங்க அண்ணன் போன் பண்ணானா?"

"பண்ணாரு."

"என்ன சொல்றான்?"

"நல்லா இருக்கீங்களான்னு கேட்டாரு."

"என்னையா?"

"எல்லாரையும்தான்."

மாமியார் ஒரு காலரில் நீண்டிருந்த நூலை வெட்டினாள். பிசிறு இல்லாத இடத்திலும் வெட்டினாள்.

*

வெயில் காலம். கடைசி மாடி வீட்டில் மதியம் சுவரைத் தொட முடியாது. தண்ணீர்க் குழாயைத் திறந்தால் முதல் வாளி வெந்நீர். மாமனார் காவல் முடிந்து காலை ஆறு மணிக்கு வந்து, முன் அறைக் கட்டிலில் ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு பகலெல்லாம் தூங்குவார். மேஜை அவர் தலைமாட்டில்.

மகனின் பொம்மை வேலையை அவர் கிண்டல் செய்யாத நாள் கிடையாது. "கல்யாணம் ஆனவன் பொம்ம வச்சு விளையாடறான்னு வெளிய தெரிஞ்சா எனக்கு வாட்ச்மேன் வேலகூடப் போயிடும்" என்பார். அவன் இருக்கும்வரை ஒரு பொம்மையையும் கையால் தொட்டதில்லை. இப்போது மேஜைப் பக்கம் தலை வைக்காமல் கால் வைத்துப் படுத்தார். அப்புறம் அதையும் மாற்றி மறுபடி தலை வைத்துப் படுத்தார்.

மருமகள் தினமும் ஏழு மணிக்குத் துணியின் மேல் தண்ணீர் தெளித்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். சலூனில் முடிக்குத் தெளிக்கும் பாட்டில், அவன் வாங்கி வைத்தது. துணியைத் தூக்கிப் பார்ப்பதை நிறுத்தியிருந்தாள். மேலேயே தெளித்துவிட்டுப் போவாள். சாயங்காலம் வந்து தொட்டுப் பார்த்தால் ஈரம் அப்படியே இருக்கும். இந்த வெயிலுக்கு ஒரு தடவை எப்படிப் போதுகிறது என்று அவளுக்கு ஆச்சரியம். நல்ல பாலிதீன் என்று நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன. ஒன்றில் தலைவலி என்றாள். ஒன்றில் வெளிச்சம் சரியில்லை என்றாள், வெயில் கண்ணைக் கூசும்போது. ஒன்றில் மாமியார் இருநூறு சட்டையை இறக்கி வைத்து, "நாளைக்குக் கேக்கறாங்க" என்றாள். மறுநாள் யாரும் கேட்கவில்லை. கட்டு செவ்வாய்க்கிழமைவரை மூலையில் கிடந்தது. மருமகள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை மழை பிடித்தது.

முதல் நாள் எல்லோரும் ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். இரண்டாம் நாள் மூடினார்கள். மூன்றாம் நாள் உப்பு ஜாடியில் தண்ணீர் கோத்தது. சட்டைக் கட்டுகளில் பூஞ்சை வாடை வந்தது. கம்பெனி வேன் வரவில்லை. துவைத்த துணி இரண்டு நாளாக அறைக்குள் தொங்கியது. அதற்கு அடியில் குனிந்து நடந்தார்கள்.

வியாழக்கிழமை அண்ணன் போன் செய்தான். ஸ்டுடியோக்காரர் ஒன்றாம் தேதிக்கு மேல் காத்திருக்க முடியாது என்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை வேன் சும்மா இருக்கிறது.

"வாண்ணா" என்றாள். "காலைல முடிச்சிடறேன். பத்து மணிக்கு வா."

சாப்பிடும்போது சொன்னாள். முட்டைக் குழம்பும் சோறும். மாமனார் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டார்.

"சரி" என்றாள் மாமியார். குழம்பைக் கிளறிக்கொண்டே, "மழைல வெளிச்சம் இருக்காதே" என்றாள்.

"லைட் போட்டு எடுத்துக்கறேன் அத்தை."

"அவன் லைட் போட்டு எடுத்ததில்ல."

"தெரியும்."

மாமியார் அவள் தட்டில் இன்னொரு முட்டையை வைத்தாள். அவள் வேண்டாம் என்று சொல்லாமல் சாப்பிட்டாள்.

*

சனிக்கிழமை சாயங்காலம் வாளி மண்ணில் ஒரு கைப்பிடி எடுத்துப் பிசைந்து உருட்டி வைத்தாள். நாலாவது சுவருக்கும் படிக்கட்டு அறைக்கும் அது போதும். ஐஸ் குச்சியை நறுக்கிக் கதவு ஒட்டினாள். மாமியாரின் குப்பையிலிருந்து சட்டைத் துணி மூன்று துண்டு எடுத்து, கொடியில் தொங்கப்போட மூன்று சின்னச் சட்டை வெட்டினாள். பயில்வானின் முழங்கையை மடக்கிப் பார்த்தாள். துணி காயப்போடும் கை போல இருந்தது.

ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பாலிதீனை எடுத்தாள். துணியின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினாள். துணியோடு மண்ணும் வந்தது.

அவள் நிறுத்தினாள். பலகையின் ஓரத்தில் தண்ணீர் கட்டி நின்றது. மேஜை விளிம்பிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது.

"அத்தை."

மாமியார் வந்தாள். இருவரும் சேர்ந்து துணியை மெல்ல உரித்தார்கள். தொட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. தெற்குச் சுவர் உள்பக்கமாகத் தரையில் படுத்துவிட்டது. மற்ற இரண்டும் பாதி உயரத்துக்கு வழிந்திருந்தன. கல்லுக் கோடுகள் இல்லை. தரை கஞ்சி போல இருந்தது. ரேகைகள் இருந்த இடம் வழவழவென்று இருந்தது, யாரோ பொறுமையாகத் தேய்த்துவிட்டது போல.

மாமியார் குனிந்து ஒவ்வொரு சுவராகப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"இவ்வளவு தண்ணி எப்படி வந்துச்சு?" என்றாள் மருமகள். "மேல ஒழுகுதா?"

சீலிங்கைப் பார்த்தார்கள். காய்ந்திருந்தது.

"நான் ஒரு தடவதான் தெளிச்சேன்" என்றாள் மாமியார்.

"எப்ப?"

"நீ வேலைக்குப் போனப்புறம்."

"நேத்தா?"

"தினமும்தான்."

"நான் காலைல தெளிச்சிட்டுத்தானே அத்தை போறேன்."

"நீ மறந்துட்டா?"

"மறப்பேனா?"

"மறக்கமாட்டே." மாமியார் முந்தானையால் மேஜையின் தண்ணீரை ஒற்றினாள். "நீ வேணும்னே காய விட்டுட்டா? ஈரமா இருக்கறவரைக்கும் முடிக்க முடியாதுன்னு நெனச்சேன்."

"ஈரமா இருந்தாத்தான் முடிக்க முடியும் அத்தை. காஞ்ச மண்ணுல பச்ச மண்ணு ஒட்டாது. காய விட்டிருந்தா முடிச்சிருக்கவே முடியாது."

"அது எனக்குத் தெரியாது."

"கேட்டிருக்கலாம்ல."

"நீ மட்டும்? முடிக்கணும் முடிக்கணும்னு சொல்லிட்டு எத்தன ஞாயித்துக்கிழமை விட்டே?"

மருமகள் ஈரத்துணியை வாளியில் பிழிந்தாள்.

கட்டிலில் மாமனார் எழுந்து உட்கார்ந்திருந்தார். காவல் சட்டையை இன்னும் கழற்றவில்லை.

"நானும்" என்றார்.

இருவரும் திரும்பினார்கள்.

"காலைல வந்ததும். நீங்க ரெண்டு பேரும் எந்திரிக்கறதுக்கு முன்னாடி."

"நீங்க எதுக்கு?" என்றாள் மாமியார். "வீட்டுல ஒரு செடிக்குத் தண்ணி ஊத்தினதுண்டா நீங்க?"

"செடிய அவனா வச்சான்?"



"எவ்வளவு தெளிப்பீங்க மாமா?" என்று கேட்டாள் மருமகள்.

"தெளிக்கறதில்ல. அந்த பாட்டில அமுக்க வரல எனக்கு, விரல் வலி. டம்ளர்ல ஊத்திடுவேன்."

"ஒரு டம்ளரா?"

"ஒண்ணுதான். வெயில்னா ரெண்டு."

"மழைக்கு?"

"மழைக்கு என்ன கணக்குன்னு எனக்கு யாரு சொன்னா?"

"தொட்டுப் பாத்தீங்களா?"

"தொடல. தொட்டா கெட்டுப்போயிடும்னு தொடல."

"இன்னைக்கும் ஊத்தினீங்களா மாமா?"

"இன்னைக்கும்."

மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமியாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாமனார் சிரிக்கவில்லை. எஜமானிடம் பிடிபட்ட ஆள் போல, இரண்டு கையையும் முழங்காலில் வைத்து உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்க்கப் பார்க்க அவர்களுக்குச் சிரிப்பு அதிகமானது. பிறகு மாமியாரின் சிரிப்பு வேறாக மாறியது. அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மருமகள் அவள் முதுகில் கை வைத்தாள்.

வெயில் இருந்தவரை மூன்று பேருடைய தண்ணீரையும் அந்த மண் குடித்திருந்தது.

*

மழை விட்டிருந்தது. ஏழே முக்காலுக்குச் சந்து வழியாக மெல்லிய வெளிச்சம் வந்து மேஜையின் கால்வாசியில் விழுந்தது.

"படம் எடு" என்றாள் மாமியார்.

"எத அத்தை எடுக்கறது?"

"இருக்கறத எடு. உங்க அண்ணன் வந்துடுவான்."

அவள் போனைத் துடைத்தாள். சாய்ந்த கம்பியை நிமிர்த்தி மூன்று சட்டைகளையும் தொங்கவிட்டாள். பயில்வானை நிறுத்தினாள். கணுக்கால்வரை உள்ளே இறங்கினான். மேடத்தை நிறுத்த இடம் இல்லை. ஒத்தக்கை மேஜையிலேயே படுத்திருந்தான்.

மாமியார் அலமாரிக்குப் பின்னாலிருந்து தெர்மோகோலை எடுத்துக்கொண்டு இடது பக்கம் போய் நின்றாள். சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

"கொஞ்சம் கீழ, அத்தை."

"இப்படியா?"

"இன்னும். அவன் முகத்துல விழணும்."

"அட்டை நிக்க மாட்டேங்குது."

"பரவால்ல. வெளிச்சம் ஆடும். ஆடட்டும்."

போனைத் தலைகீழாகப் பிடித்து இறக்கினாள். லென்ஸ் பயில்வானின் கண்ணுக்கு நேரே வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை அழுத்தினாள். இன்னொன்று எடுக்கவில்லை.

மாமனார் வந்து எட்டிப் பார்த்தார். போனை நீட்டிப் பிடித்துக் கண்ணைச் சுருக்கினார்.

"வீடு இடிஞ்சப்புறம் ஒருத்தன் துணி காயப்போடறான்" என்றார்.

"பேசாம இருங்க" என்றாள் மாமியார்.

"நல்லாருக்குன்னுதான் சொல்றேன்."

அவர் அந்தப் பாராட்டை இதற்கு முன் அந்த மேஜையிடம் சொன்னதில்லை. தானே அதைக் கவனித்தவர் போல, போனை அவளிடம் கொடுத்துவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

மருமகள் பொம்மைகளைக் கழுவித் துடைத்தாள். சாய்ந்து கிடந்த தொட்டியைப் பிடுங்கினாள். டப்பாவுக்கு அடியில் தண்ணீர் போகாத இடம் ஒன்று இருந்தது. அங்கே ஒரு பெருவிரல் தடம். தொட்டியை நிறுத்துவதற்காக அழுத்தியது. முழுசாக இருந்தது.

இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"இத மட்டும் வெட்டி எடுத்துடலாம் அத்தை. கத்தியால கீழ விட்டு..."

"எடுத்து?"

"ஒரு டப்பாவுல வச்சுக்கங்க."

"காஞ்சா விரியும்."

"விரியும்."

"துணி போட்டு வச்சா?"

மாமியார் அதன் மேல் குனிந்தாள். மூச்சுக் காற்று படாதபடி உதட்டை மூடிக்கொண்டாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு ரவிக்கைக் கையை மேலே ஏற்றிக்கொண்டு இரண்டு கையையும் மண்ணுக்குள் விட்டாள். விரல் தடத்தின் மேல்தான் முதலில் அழுத்தினாள். படுத்திருந்த சுவரை வாரினாள். தரையை வழித்தாள். பெரிய பெரிய கட்டியாக எடுத்து வாளியில் போட்டாள். ஒவ்வொன்றும் பொத்தென்று விழுந்தது.

"நான் போடறேன் அத்தை, விடுங்க."

"நீ போய்ப் பெட்டியக் கட்டு."

"அத்தை."

"போடி. பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கே."

*

அண்ணன் பத்துக்குப் பத்து நிமிடம் முன்பே வந்தான். மூன்று மாடி ஏறி வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, காலி மேஜையைப் பார்த்தான்.

"முடிச்சிட்டியா?"

"முடிஞ்சிடுச்சு" என்றாள்.

"எங்க, காட்டு."

அவள் போனில் காட்டினாள். அவன் நிறைய நேரம் பார்த்தான். "சட்ட நல்லா வந்திருக்கு" என்றான்.

இரண்டு பெட்டி, ஒரு பை, ஒரு தலையணை. மாமனார் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டார். அண்ணன் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. மூன்று மாடி இறங்கிப் போய் வேனில் வைத்தார்கள். தெருவில் தண்ணீர் தேங்கியிருந்தது. அவள் கடைசியாக இறங்கி வந்தாள்.

மாமியார் அவளுக்குப் பின்னால் இறங்கி வந்தாள். முழங்கைவரை மண். கைகள் இரண்டையும் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கினாள். கீழே வந்ததும் மருமகளிடமிருந்து ஒரு அடி தள்ளி நின்றாள். மருமகள் போட்டிருந்தது வெள்ளைச் சட்டை.

"வேளைக்குச் சாப்பிடு."

"சரி அத்தை."

"ஸ்டுடியோவுல வெளிச்சத்துக்குப் பக்கத்துல நிக்காத. கண்ணு போயிடும்."

"சரி."

அண்ணன் வண்டியைக் கிளப்பினான். "வரேன் அத்தை" என்றான் ஜன்னல் வழியாக.

மருமகள் ஒரு அடி முன்னால் வந்தாள். மாமியார் ஒரு அடி பின்னால் போனாள்.

"இரு. சட்ட அழுக்காயிடும். கையக் கழுவிட்டு வரேன்."

படிக்கட்டுக்குக் கீழே வீட்டுக்காரர் குழாய் இருந்தது. அவள் உள்ளே போனாள். குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் சிமெண்டுத் தரையில் விழுந்தது.

மாமனார் வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணன் போனில் நேரம் பார்த்தான். தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

"மழை மறுபடி பிடிக்கறதுக்குள்ள போனா நல்லது" என்றான்.

"அத்தை கை கழுவறாங்க."

இன்னும் கொஞ்ச நேரம் போனது. மாமனார் படிக்கட்டுப் பக்கம் பார்த்தார். அவருக்குத் தெரிந்திருந்தது.

"நீ ஏறிக்கம்மா" என்றார். "அவ வரமாட்டா."

"வரட்டும் மாமா. நான் நிக்கறேன்."

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நிற்கவில்லை. அண்ணன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தான்.